கனடாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்

பட்டிமன்ற மேடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குத் தொண்டையைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். வெந்நீர் குடி, ஐஸைத் தொடாதே, மேடைக்கு முன்னால் வயிறு முட்டச் சாப்பிடாதே என்பார்கள். மைக்கை எப்படிப் பிடிப்பது, கைதட்டல் வந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பது, இதையெல்லாம் நீங்களே நாலு மேடையில் கற்றுக்கொள்வீர்கள். பொறாமையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. மேடையை விட்டு இறங்கிய பிறகும் அது என்னை விடவில்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

வாலாஜாபாத்தில் எனக்கு உரக்கடை. மாலையில் கடையை மனைவி சரோஜாவிடம் விட்டுவிட்டு மேடைக்குப் போய்விடுவேன். தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம் வரை நான் பேசாத கோயில் திருவிழா கிடையாது. தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிகள் வரிசையாக வந்தபோது, எங்கள் குழுவுக்கும் நல்ல காலம் வந்தது. ஆயுத பூஜை என்றால் பட்டிமன்றம், ஆண்டு விழா என்றால் பட்டிமன்றம். எங்கள் நடுவரை எல்லோரும் ஐயா என்போம். தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், யாரையும் வாய்விட்டுப் புகழாதவர். என் பேச்சுக்கு அதிகபட்சமாக அவர் கொடுத்த பரிசு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டது.

முதலில் ஒரு சின்ன விஷயம். மணிமங்கலத்தில் ஒரு திருவிழாவில் 'வாழ்க்கைக்குத் தேவை சிக்கனமா, தாராளமா' என்று பேசினோம். எங்கள் ஆள் ஒருவர் கஞ்சனைப் பற்றி ஒரு கதை சொன்னார். அது எங்கேயோ கேட்ட பழைய கதை. ஆனால் கூட்டம் மொத்தமும் திரும்பி, முன்வரிசையில் இருந்த விழாக் கமிட்டிப் பெரியவரைப் பார்த்துச் சிரித்துவிட்டது. அன்று எங்களுக்குச் சாப்பாடு இல்லை. படப்பை வரை பட்டினியாக வந்து, அங்கே பரோட்டா சாப்பிட்டோம். தலைப்பு எவ்வளவு தூரத்து விஷயமாக இருந்தாலும், கூட்டம் அதைத் தன் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும். மேடையில் இருப்பவன் இதை ஒரு நிமிடம்கூட மறக்கக் கூடாது.

இனி இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஒரகடம் கூட்டு ரோட்டுப் பக்கம் நாலைந்து பேரோடு ரூம் எடுத்துத் தங்கி, காருக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் டிரெயினியாக இருந்தான். எங்களில் ஒருவர் காய்ச்சலில் படுத்த அன்று, ஆள் இல்லாமல், பேச்சு கேட்க வந்திருந்த அவனை மேடையேற்றினோம். அதோடு முடிந்திருக்க வேண்டியது. அன்று அவன் பேசி முடித்ததும் கூட்டம் எழுந்து நின்றது. அடுத்துப் பேச வேண்டியவன் நான்.

என்ன குரல் என்கிறீர்கள். மைக் அணைந்துபோனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். நான் ஒரு தலைப்புக்குக் காஞ்சிபுரம் நூலகத்தில் வாரக் கணக்கில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பேன். அவன் ஷிப்ட் முடிந்து, அரைத் தூக்கத்தில் கம்பெனி பஸ்ஸில் வரும்போது யோசித்ததைப் பேசுவான். பாதி தப்பாக இருக்கும். அதற்கும் கைதட்டுவார்கள். நாலு மாதத்தில் ஐயா அவனை அணித் தலைவர் ஆக்கினார். வேனில் டிரைவர் பக்கத்து சீட், அதுவரை என்னுடையது, அவனுக்குப் போனது. ஒருநாள் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தால், சரோஜா வெங்காயம் நறுக்கிக்கொண்டே டேப் ரிக்கார்டரில் அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர்.

"வெங்காயமா?" என்றேன்.

"இல்லீங்க, இந்தப் புள்ள பேச்சு. அம்மாவப் பத்தி இன்னா அழகா சொல்லுது பாருங்க."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் என் கேசட் ஒன்றையும் அவள் போட்டுக் கேட்டதில்லை. நேரில் கேட்பது போதாதா என்பாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை என்றால் ஏதோ மனசு சம்பந்தப்பட்டது என்று நினைக்காதீர்கள். அது முழுக்க வயிற்றில்தான் இருக்கிறது.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு இசக்கி வேலை பார்த்த கம்பெனியிலேயே எங்களைக் கூப்பிட்டார்கள். கனடாக்காரர்களோடு கூட்டு வைத்த கம்பெனி. மெஷின் மாட்ட அங்கிருந்து வந்திருந்த ஒரு இன்ஜினியர், கியூபெக் என்ற மாகாணத்துக்காரர். அந்த மாகாணம் கனடாவை விட்டுப் பிரிந்து தனி நாடாகலாமா என்று அங்கே மக்களிடம் ஓட்டு எடுத்திருக்கிறார்கள். கொஞ்ச வித்தியாசத்தில் வேண்டாம் என்று முடிந்ததாம். ஊரே இரண்டு பட்டு, வீட்டுக்கு வீடு வாக்குவாதம். இவரும் இவர் அண்ணனும் எதிரெதிராக ஓட்டுப் போட்டு, அதிலிருந்து அண்ணன் வீட்டு விசேஷங்களுக்கு வருவதில்லை என்று கேண்டீனில் சாப்பிடும்போது பர்சனல் ஆபீசரிடம் வருத்தப்பட்டிருக்கிறார். அந்த ஆபீசருக்குப் பட்டிமன்றம் என்றால் உயிர். உடனே தலைப்பு வைத்துவிட்டார்: 'கனடாவை விட்டு ஒரு மாநிலம் பிரியலாமா, கூடாதா?' பிரியலாம் அணிக்கு இசக்கி தலைவன். கூடாது அணிக்கு நான்.

பேச்சுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் கடைக் கிடங்கில் உர மூட்டைகள் மேல் உட்கார்ந்து பங்கு பிரித்தோம். யார் எந்தப் பாயிண்டைத் தொடுவது, யாருக்கு எந்த நகைச்சுவை என்பதை முன்கூட்டியே பிரித்துக்கொள்வது எங்கள் வழக்கம். இல்லாவிட்டால் ஒரே ஜோக்கை இரண்டு பேர் சொல்லி மானம் போகும். அன்று பேச்சுவாக்கில் நான் இசக்கியைக் கேட்டேன்.

"பிரியக் கூடாதுன்னு பேசச் சொல்லியிருந்தா இன்னாபா பண்ணியிருப்ப?"

"பேச மாட்டேன்னு சொல்லியிருப்பேன் அண்ணாச்சி. எனக்கு மனசுல இல்லாததப் பேச வராது பாத்துக்கிடுங்க. மேடையில ஒருத்தர் நேருக்கு நேரா கேட்டா, உள்ளதத்தான் சொல்லுவேன்."

நாங்கள் எல்லோரும் கொடுத்த பக்கத்தைப் பேசுகிறவர்கள். காலையில் மாமியாருக்கு, மாலையில் மருமகளுக்கு. இவன் மட்டும் உத்தமன். அந்த உத்தமத்தனமும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆயுத பூஜை அன்று மத்தியானம் கம்பெனிக்குப் போனோம். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, கையில் ஆளுக்கொரு பொரி பாக்கெட்டோடு சனம் உட்கார்ந்திருந்தது. பர்சனல் ஆபீசர் ஓடி வந்து என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"சார், பேனர் எழுதுனவன் இடம் பத்தலன்னு கனடாவை வுட்டுட்டான் சார். மெயின் ரோட்டப் பாத்து, 'மாநிலம் நாட்டை விட்டுப் பிரியலாமா'ன்னு காலையிலருந்து தொங்கிட்டிருந்துச்சு. ஸ்டேஷன்லருந்து ரெண்டு பேர் மப்டியில வந்து உக்காந்திருக்காங்க."

எட்டிப் பார்த்தேன். வெளியே பஸ்ஸில் போகிற வருகிறவர்கள் எல்லாம் படித்திருப்பார்கள். மூன்றாவது வரிசையில் இரண்டு பேர், பூட்ஸ் மட்டும் காக்கிக்கு உரியது.

"அது மட்டும் இல்ல சார். இசக்கியோட பர்மனென்ட் ஆர்டர் கம்பெனிப் பெரியவர் டேபிள்ல கிடக்கு. பூஜை லீவு முடிஞ்சு வந்து அவர் கையெழுத்துப் போடணும். அவன் வாயில நம்ம ஸ்டேட்டு பேரு மட்டும் வந்துச்சு, வேலையும் போச்சு, கேஸும் ஆயிடும். என்னால காப்பாத்த முடியாது."

"அவன்கிட்டயே சொல்றதுதானே?"

"சொன்னேன் சார். 'நானாப் பேச மாட்டேன், யாராவது கேட்டா சொல்லாம இருக்க மாட்டேன்'ங்கிறான். தயவு பண்ணி கனடாவோட நிறுத்திக்கங்க சார்."

தலையை ஆட்டினேன். ஆட்டும்போதே எனக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குழுவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் பேசி முடித்து, தீர்ப்புக்கு முன்னால், அணித் தலைவர்கள் ஒருவரை ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். பதில் ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். நேர்க் கேள்வி என்போம். மூன்று மணி நேரம் பேச்சைக் கேட்கிற கூட்டம் உண்மையில் காத்திருப்பது இதற்காகத்தான்.

பேச்சு தொடங்கியது. நான் நன்றாகவே பேசினேன். கனடாவின் நதிகள், ரயில் பாதைகள், யாருக்கு யார் கோதுமை கொடுக்கிறார்கள் என்று ஆதாரத்தோடு எடுத்து வைத்தேன். கூட்டம் பொரியைக் கொறித்தபடி மரியாதையாகக் கேட்டது. அந்த வெள்ளைக்கார இன்ஜினியருக்கு ஆபீசர் காதோரம் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும் தலையை ஆட்டினார்.

பிறகு இசக்கி எழுந்தான். "கூடப் பொறந்த அண்ணன் தம்பியே ஒரு நாள் தனிக்குடித்தனம் போறோம். வரப்பு போட்டுக்கிட்டு, பனை மரத்தையும் பங்கு வச்சுக்கிட்டு, பொங்கலுக்கு ஒண்ணாச் சாப்பிடுதோமா இல்லையா? கனடாவுல மட்டும் வரப்பு போடக் கூடாதா? அங்க உள்ள பனை மரம் கோவிச்சுக்கிடுமா?" என்றான். தெற்கத்திப் பையன்கள் விசில் அடித்தார்கள். கனடாவில் ஏது பனை மரம் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. நான் அந்த நாட்டின் படத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன், அதில் பனிதான் இருந்தது. "அந்த சனம் சண்ட போடல, துப்பாக்கி எடுக்கல. உக்காந்து பேசுச்சு, ஓட்டுப் போட்டுச்சு, எண்ணிப் பாத்துச்சு. அத்தன பெரிய கேள்விய ஒரு பொட்டிக்குள்ள போட்டுட்டு சோறு திங்கப் போச்சு. அந்தத் தைரியம் எந்த நாட்டுக்கு வரும்?" என்று அவன் முடித்தபோது, மூன்றாவது வரிசையில் பூட்ஸ்காரர்களில் ஒருவர்கூடக் கைதட்டிவிட்டார். பக்கத்து ஆள் முழங்கையால் இடித்த பிறகு நிறுத்தினார்.

ஐயா நேர்க் கேள்விக்கு அழைத்தார். முதலில் இசக்கி என்னைக் கேட்டான்: "பிரியணும்னு அவுக ஓட்டுப் போட்டுட்டா என்ன செய்வீக அண்ணாச்சி?"

"இன்னொரு தபா ஓட்டுப் போடச் சொல்வேன்" என்றேன். சிரித்தார்கள். கொஞ்சமாக.

அடுத்து என் முறை. மைக்கைப் பிடித்தபடி நின்றேன். கூட்டத்தில் எங்கள் பக்கத்து ஊர் ஆட்கள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னாண்ணே பாத்துகினு கீற? கனடாலாம் வுடு. நம்ம ஸ்டேட்டு இன்னா பண்றதாம்? அத்த கேளு."

கூட்டம் "கேளு, கேளு" என்றது. பர்சனல் ஆபீசர் மேடைக்குக் கீழே இருந்து இரண்டு கையையும் கூப்பினார். பூட்ஸ்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கம்பெனிப் பெரியவர் ஒன்றும் புரியாமல் சுற்றிலும் பார்த்தார். இசக்கி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் பயமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

விவாதம் என்று பார்த்தால் அதைவிட நல்ல கேள்வி கிடையாது. அவன் மொத்தப் பேச்சையும் ஒரே அடியில் சாய்க்கும். ஆமாம் என்றால் மாட்டினான், இல்லை என்றால் பேசியதெல்லாம் பொய். நாளை முதல் டிரைவர் பக்கத்து சீட் எனக்கு. சரோஜா கேசட்டை எடுத்து வைத்துவிடுவாள். உதடு வரை வந்துவிட்டது.

அந்த இடத்தில் என்னை நிறுத்தியது நல்ல மனசு என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் உங்களிடம் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது. என்னை நிறுத்தியதும் அதே பொறாமைதான். அது இன்னும் கொஞ்ச தூரம் யோசித்தது. இவன் உள்ளதைச் சொல்வான். இத்தனை சனம் பார்க்க ஜீப்பில் ஏற்றுவார்கள். பொழுது விடிந்தால் தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம் வரை டீக்கடையெல்லாம் இவன் பேச்சுதான். வேலை போனவன், உண்மை பேசி உள்ளே போனவன் என்று மாலை போடுவார்கள். நான் முப்பது வருஷம் கத்தியும் கிடைக்காத பேர் ஒரே வாக்கியத்தில் இவனுக்குக் கிடைக்கும். அதையும் என் கையால் எடுத்துக் கொடுப்பதா? செத்தாலும் முடியாது.

"தம்பி, கனடாவுல பனை மரம் இருக்குதுன்னியே. பிரிஞ்சு போனா அந்த மரம் யாருக்கு?" என்று கேட்டேன்.

கூட்டத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கனடாவில் பனை மரமா என்று குபீரென்று சிரித்தார்கள். இசக்கியைப் பார்த்து அந்தக் கூட்டம் சிரித்தது அதுதான் முதல் தடவை. என் வயிறு குளிர்ந்தது. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். பிறகு மைக்கை வாங்கி, "பழம் எந்தப் பக்கம் விழுதோ, அந்தப் பக்கத்துக்காரன் சுட்டுத் தின்னுட்டுப் போகட்டும் அண்ணாச்சி" என்றான்.

அவ்வளவுதான். பொரி பாக்கெட்டெல்லாம் பறந்தது. ஆபீசர் மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்த இன்ஜினியர் எழுந்து நின்று கைதட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஐயா பூட்ஸ்காரர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிரியக் கூடாது என்று எனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பை நான் வாங்கிக்கொண்டேன். கூட்டத்தை அவன் கூட்டிக்கொண்டு போனான்.

கீழே இறங்கியதும் ஆபீசர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றார். அப்போது எனக்கு வந்த எரிச்சலை எழுத்தில் எழுத முடியாது.

திரும்பும்போது இசக்கியும் கூட்டு ரோடு வரை எங்கள் வேனில் வந்தான், டிரைவர் பக்கத்து சீட்டை அன்று ஐயாவுக்கு விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனே ஆரம்பித்தான்.

"அண்ணாச்சி, அந்தக் கேள்விய நீங்க கேப்பியன்னு நின்னேன். ஏன் கேக்கல?"

"பொறாமைபா. உன்னை ஜீப்புல ஏத்தி, பெரிய ஆளாக்கி வுட எனக்கு மனசு வரல."

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான். உண்மையை அப்படியே சொன்னால் யாரும் நம்புவதில்லை, தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சரி, கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப?" என்றேன்.

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னான். "பிரிஞ்சு போறேன்னு வாய்விட்டுச் சொன்னாலும் அடிக்காத வீட்டுல, நான் ஏன் அண்ணாச்சி பிரியப் போறேன்?"

முன் சீட்டில் இருந்த ஐயா திரும்பினார். முழுசாகத் திரும்பி, அவன் முகத்தைப் பார்த்து, "அட" என்றார். முப்பது வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அந்த மனிதர் கழுத்தைத் திருப்பியது கிடையாது.

யோசித்துப் பாருங்கள். ஜீப்பும் இல்லை, கேஸும் இல்லை. பூட்ஸ்காரர்களுக்கும் தப்பு கண்டுபிடிக்க ஒன்றும் இல்லாத பதில். கம்பெனிப் பெரியவர் அந்த மேடையிலேயே ஆர்டரில் கையெழுத்துப் போட்டிருப்பார். அவன் வேலையை நான் காப்பாற்றியதாக ஊர் சொல்கிறது. நான் எதையும் காப்பாற்றவில்லை. அந்தப் பதிலை மேடையில் வரவிடாமல் செய்தேன், அவ்வளவுதான்.

கேள்வி உதட்டுக்கு வரும்போது நீங்களும் என்னைப் போலவே எதிரில் இருப்பவனை எடை போடுவீர்கள். என்ன சொல்வான், எப்படி விழுவான் என்று. அந்தக் கணக்கு எனக்குத் தப்பியது. அவன் என்னைவிடச் சின்னவன் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. எதிராளியின் சோற்றில் கை வைக்கிற கேள்வியைக் கேட்காதீர்கள், அது சரிதான். ஆனால் கேட்காமல் விட்டதற்காக உங்களை நீங்களே மெச்சிக்கொள்ளவும் வேண்டாம்.

லீவு முடிந்ததும் அவனுக்கு ஆர்டர் வந்தது. இன்றைக்கு அவன் பெரிய பேச்சாளர், நீங்களே டிவியில் பார்த்திருப்பீர்கள். போகிற மேடையில் எல்லாம் என்னைப் பற்றிச் சொல்கிறான், நான் முன்வரிசையில் இருந்தால் எழுப்பி நிறுத்துகிறான். அந்தப் பதிலை மட்டும் இதுவரை எந்த மேடையிலும் அவன் சொன்னதில்லை. ஏன் என்று கேட்டேன். "நீங்க கேட்டாத்தான அண்ணாச்சி அது பதிலு. நானாச் சொன்னா வெறும் பேச்சு" என்றான்.

எனக்கு இப்போது குரல் போய்விட்டது, கேட்க வழியில்லை. அதனால் இங்கே எழுதி வைத்துவிட்டேன். உங்களில் யாருக்காவது அப்படி ஒரு தலைப்பும் அப்படி ஒரு கூட்டமும் அமைந்தால், தாராளமாக எடுத்துச் சொல்லுங்கள். இசக்கிமுத்து சொன்னது என்று பேரைச் சொல்லிச் சொல்லுங்கள். கைதட்டுவார்கள். எனக்கு எரியும். எரியட்டும்.